செப்டிக் டேங்க்: பயிற்சி வீட்டுக்காரருக்கும் வேண்டும்

தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் வாசல் நிலைக்கு எந்த மரம் என்று நான்கு பேரிடம் விசாரிக்கிறார்கள். சமையலறை எந்த மூலையில் வர வேண்டும் என்பதற்கு வாஸ்து பார்க்கிறார்கள். செப்டிக் டேங்க் என்று வரும்போது மட்டும் மேஸ்திரியிடம் “நல்லாப் பெருசாப் போட்டுடுங்க” என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத எங்கள் பகுதியில் குடியிருப்போர் நலச் சங்கப் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில், அந்த ஒரு வாக்கியத்தால் விளையும் தொல்லைகளைப் பல வீடுகளில் பார்த்துவருகிறேன். கொத்தனாருக்குப் பயிற்சி இருக்கிறது, கழிவுநீர் லாரிக்காரருக்குப் பயிற்சி இருக்கிறது, நகராட்சிப் பொறியாளருக்கும் இருக்கிறது. ஆனால் தொட்டி எவ்வளவு பெரியது, எங்கே அமைவது, எப்போது திறப்பது, யாரை அழைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் வீட்டுக்காரர்தான். அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை என்பதால், நான் தேடிப் படித்தவற்றையும் அவற்றை எங்கே படிக்கலாம் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

தொட்டிக்குள் நடப்பது எளிமையான வேலைதான். கழிவறையிலிருந்து வரும் நீர் அங்கே ஒன்றிரண்டு நாட்களாவது தங்க வேண்டும். அந்த நேரத்தில் கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன. எண்ணெய்ப் பசையும் இலேசானவையும் மேலே ஏடு கட்டி மிதக்கின்றன. நடுவில் நிற்கும் ஓரளவு தெளிந்த நீர் மட்டுமே வெளிக்குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். மேல் ஏடு அந்த நீரோடு சேர்ந்து போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் வெளிக்குழாயின் முனையில் ஆங்கில ‘T’ எழுத்து வடிவிலான ‘டீ’ இணைப்பு வைத்து, அதன் கீழ்க்கால் நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும்படி பொருத்துகிறார்கள். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடில் ஒரு பகுதியைச் செரித்துவிடும். மிச்சம் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகும். எனவே, கசடே எடுக்க வேண்டாத செப்டிக் டேங்க் என்று உலகத்தில் எதுவும் கிடையாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 என்ற விதித்தொகுப்பு இரண்டு பகுதிகளாக இருக்கிறது. முதல் பகுதி தொட்டியின் வடிவமைப்பையும் கட்டுமானத்தையும், இரண்டாம் பகுதி தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை என்ன செய்வது என்பதையும் சொல்கின்றன. ஐந்து பேர் வசிக்கும் வீட்டுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுப்பதாக இருந்தால், 1.5 மீட்டர் நீளமும் 0.75 மீட்டர் அகலமும் 1 மீட்டர் நீராழமும் போதும் என்கிறது முதல் பகுதி. நீருக்கு மேல் 30 சென்டிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும். பத்துப் பேருக்கு 2 மீட்டர் நீளமும் 0.9 மீட்டர் அகலமும் அதே ஆழமும் போதும். எங்கள் பகுதியிலோ நான்கு பேர் இருக்கும் வீட்டில் 10 அடி நீளம், 8 அடி அகலம், 8 அடி ஆழம் என்று தொட்டி கட்டி, “இருபது வருஷத்துக்குத் தொட வேண்டியதில்லை” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அது ஏறத்தாழ 18,000 லிட்டர். அளவைப் போலவே வடிவத்திலும் கவனம் வேண்டும். நீளம் அகலத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்று அதே விதி சொல்வதற்குக் காரணம், சதுரத் தொட்டியில் நீர் உள்ளே நுழைந்த வேகத்திலேயே குறுக்கே பாய்ந்து வெளியேறிவிடும் என்பதுதான். 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியை நீளத்தின் மூன்றில் இரண்டு பங்கு தள்ளித் தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறைகளாகப் பிரிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்தத் தடுப்புச் சுவரை நான் விசாரித்த வீடுகளில் மிகச் சிலவற்றில்தான் வைத்திருக்கிறார்கள்.

பெரிய தொட்டி கட்டினால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்ட கசடு அடியில் இறுகிக் களிமண்ணாகிவிடுகிறது. என்றைக்கோ ஒரு நாள் கழிவறையில் நீர் எதிர்த்து வரும்போதுதான் லாரிக்குப் போன் போகிறது. வரும் லாரி 5,000 அல்லது 6,000 லிட்டர் கொள்ளும். அது மேலே நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். எடுக்க வேண்டிய கசடு எடுக்கப்படாமல் அடியிலேயே கிடக்கும். எங்கள் தெருவில் அப்படி ஒரு தொட்டியைத் திறந்தபோது நானும் உடன் இருந்தேன். ஹோஸ் குழாய் கொஞ்ச நேரம் குடுகுடுவென்று இழுத்தது. பிறகு வெறும் காற்றை இழுக்கும் சீழ்க்கை ஒலி மட்டும் வந்தது. ஓட்டுநர் குழாயைத் தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டு, “அடியில கெட்டியாயிடுச்சு சார், ஆள் இறங்கிக் கிளறிவிட்டாத்தான் வரும்” என்றார். அவர் தவறான மனிதர் அல்லர்; அவருடைய தொழிலில் அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. ஆள் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாடித் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து வேகமாகத் தண்ணீர் பாய்ச்சி, கசட்டைக் கரையவிட்டு, லாரியை மறுபடியும் வரவழைத்து எடுத்தோம். வீட்டுக்காரருக்குச் செலவு கூடியது. அந்தச் செலவு ஓர் உயிருக்கு முன்னால் ஒன்றுமில்லை.

“ஆள் இறங்கணும்” என்ற சொல் காதில் விழுந்தவுடன் “கூடாது” என்று சொல்லும் தெளிவு ஒவ்வொரு வீட்டிலும் இருந்தாக வேண்டும். தொட்டிக்குள் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றமாகத் தெரியும்; அளவு கூடக் கூட மூக்கின் முகரும் திறனையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதே என்று எண்ணி இறங்குகிறவர் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிற அண்ணனோ தம்பியோ அவருக்குப் பின்னால் விழுகிறார். செய்தித்தாளில் ஒரே தொட்டியில் இருவர், மூவர் என்று வருவது இப்படித்தான். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவருவது இன்னும் கேடு, ஏனென்றால் மீத்தேன் தீப்பற்றி வெடிக்கக்கூடியது.

சட்டமும் இதில் வீட்டுக்காரரை விட்டுவைக்கவில்லை. கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, தகுந்த பாதுகாப்பின்றி ஒருவரைச் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ இறக்குவதை உள்ளாட்சி அமைப்புக்கு மட்டுமின்றி எந்தத் தனிமனிதருக்கும் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நான் வேலைக்கு வைத்தது ஒப்பந்தக்காரரைத்தான், அவர் யாரை இறக்கினால் எனக்கென்ன என்று தப்பிக்க முடியாது. நேரடியாகவோ மறைமுகமாகவோ என்றுதான் சட்டத்தின் வாசகம் இருக்கிறது.

இந்த நிலை வராமல் தடுப்பதற்கு வீட்டில் ஒரு நீளக் கம்பும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தால் போதும். கம்பின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளை வேட்டித் துணியை இறுக்கமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றோட விட்டு, குழந்தைகளையும் பீடி சிகரெட்டையும் தள்ளிவைத்துவிட்டு, குனிந்து எட்டிப் பார்க்காமல் ஓரமாக நின்று கம்பைத் தரை தட்டும்வரை மெல்ல இறக்க வேண்டும். சில நிமிடங்கள் அப்படியே பிடித்திருந்துவிட்டு நேராக மேலே தூக்கினால், துணியில் கசடு நின்ற உயரம் கருமையாகவும் அதற்கு மேல் நீர் நின்ற உயரம் வெளிறிய கறையாகவும் தனித்தனியே தெரியும். கருமையும் மேல் ஏடும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் லாரியை அழைக்கும் நேரம் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் துணியைப் புதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அளந்து பார்க்க இயலாதவர்கள் இரண்டு முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே தொட்டியைக் கட்டி மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்ட வீடுகளில் இதெல்லாம் நடக்காது என்பதால், திறக்கக்கூடிய மூடி வெளியே தெரியும்படி இருப்பது முதல் தேவை.

லாரியை அழைப்பதற்கும் ஒரு முறை உண்டு. உள்ளாட்சியின் உரிமம் பெற்ற வண்டியா என்று கேட்க வேண்டும். எடுத்த கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். இரவில் ஓடையிலோ வயல் ஓரத்திலோ கொட்டப்படும் கழிவு நம் வீட்டிலிருந்துதான் போகிறது. திருச்சியில் லாரிகள் கொண்டுவரும் கழிவைக் கழிவுநீரேற்று நிலையங்களில் வாங்கிக்கொண்டு பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்த்துச் சுத்திகரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. மதுராந்தகத்துக்கு அருகே உள்ள கருங்குழிப் பேரூராட்சியில் மலக்கசடுக்கென்றே தனியாக ஒரு நிலையம் அமைத்திருக்கிறார்கள். செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கு 14420 என்ற உதவி எண்ணும் உண்டு. தெரியாத தரகரின் எண்ணைத் தேடுவதைவிட அதில் தொடங்குவது மேல்.

இனிப் படிப்பதற்கானவை. ஐ.எஸ். 2470-இன் இரு பகுதிகளையும் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்றாலும் அளவுப் பட்டியலையும் படங்களையும் கொத்தனாரிடம் காட்டுவதற்கு அந்த ஆங்கிலம் தடையாக இராது. மத்திய அரசின் நகர்ப்புற அமைச்சகத்துக்கு உட்பட்ட பொதுச் சுகாதார, சுற்றுச்சூழல் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ. 2013-இல் வெளியிட்ட கழிவுநீர்க் கையேட்டின் முதல் பகுதியில் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் வீட்டளவிலான அமைப்புகளைப் பற்றியது. தமிழில் வேண்டுமென்றால், தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டம் கொத்தனார்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் பயிற்சி நடத்தி உருவாக்கிய பாடப்பொருள்களைத் தேடிப் பாருங்கள். திருச்சியையும் கோவை மாவட்டத்தின் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளையும் முன்மாதிரியாகக் கொண்டு நடந்த திட்டம் அது என்பதால், அதில் வரும் வீடுகள் நம் வீடுகளைப் போலவே இருக்கும். கிராமத்தில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை வேறு. இடமும் மண்ணும் இடம்கொடுத்தால் அவர்களுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறைதான் சிறந்தது. ஒரு குழி நிறைந்ததும் அடுத்த குழிக்கு வழியை மாற்றிவிட்டு, பழையதை இரண்டு ஆண்டு மூடிவைத்தால் உள்ளே இருப்பது உரமாகிவிடும், லாரியே தேவைப்படாது. திருச்சியைச் சேர்ந்த கிராமாலயா நிறுவனம் இந்தத் துறையில் நெடுங்காலமாகப் பயிற்சி அளித்துவருகிறது; அதன் நிறுவனர் தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆழமாகக் கற்க விரும்பும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், சுவிட்சர்லாந்தின் இயாவாக் ஆய்வு நிறுவனம் கோர்செரா என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடத்தும் மலக்கசடு மேலாண்மை அறிமுகப் பாடத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்காரர்களுக்கென்றே ‘செப்டிக் ஸ்மார்ட்’ என்ற பெயரில் கையேடுகள் வெளியிடுகிறது. ஐந்தில் ஒரு வீடு இந்தத் தொட்டியை நம்பியிருக்கும் நாடு என்பதால், வீட்டுக்காரரிடமே நேராகப் பேசும் பழக்கம் அவர்களுக்கு வந்திருக்கிறது. அந்தத் தொனியில் நம் நகராட்சிகளும் ஒரு துண்டறிக்கை போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் அங்குள்ள அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சமையலறை நீரும் துணி துவைத்த நீரும் குளித்த நீரும் எல்லாம் தொட்டிக்குள்தான் போகின்றன. இங்கே பெரும்பாலும் கழிவறை நீர் மட்டும்தான்.

கடைகளில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியை நம்பிக் கசடு எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். தேவையான நுண்ணுயிர்கள் மலத்தோடு தாமாகவே வந்துவிடுகின்றன. புதுத் தொட்டியைத் தொடங்கும்போது மட்டும் வேறொரு தொட்டியின் பழைய கசடோ மக்கிய சாணமோ கொஞ்சம் போடலாம் என்று விதித்தொகுப்பே சொல்கிறது. வழக்கமாகக் கழிவறை கழுவும் அளவுக்குப் பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ கெடுதல் செய்யாது; ஆசிட்டைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால்தான் உள்ளே செரிமானம் நின்றுபோகும். நாப்கின், குழந்தையின் டயாபர், துணி ஆகியவை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போகக் கூடாது. லாரியின் ஹோஸை அடைப்பவை பெரும்பாலும் இவைதான்.

தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் நோய்க்கிருமிகள் நிறைந்தது. அதைத் தெருச் சாக்கடையில் விடுவது பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம். உறிஞ்சுகுழியோ பரவு குழாயோ அமைத்து மண்ணுக்குள் விட வேண்டும். குடிநீர்க் கிணற்றிலிருந்து அது 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அடியைப் பூசாமல் சிமெண்ட் உறை இறக்கிய குழியைச் செப்டிக் டேங்க் என்று சொல்லி விற்கிற வீடுகளில் தொட்டியும் உறிஞ்சுகுழியும் ஒன்றாகிவிடுகின்றன. அத்தகைய வீட்டை வாங்கியவர்கள், குறிப்பாக நிலத்தடி நீர் மேலே இருக்கும் பகுதிகளில், தங்கள் போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறோம். தொட்டி எந்த மூலையில் இருக்கிறது, மூடி எங்கே, நீளம் அகலம் ஆழம் என்ன, கடைசியாகக் கசடு எடுத்த தேதி என்ன, எந்த வண்டி எடுத்தது என்பவை அதில் இருக்கும். ஒரு படி வீட்டுப் பத்திரக் கோப்பில், ஒரு படி சங்க அலுவலகத்தில். வீட்டை விற்பவர்கள் அந்தத் தாளையும் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். வாடகைக்கு வருகிறவர்களுக்கு மூடி எங்கே இருக்கிறது என்பதையும், யாரையும் உள்ளே இறக்கக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். மாதிரித் தாள் வேண்டுவோர் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.