ஐந்தாவது சொல்

பிப்ரவரி பிறந்தால் நியூஜெர்சியில் என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்கச் சிவப்பு இதயமாய்க் கிடக்கும். பேத்தி இரண்டாம் வகுப்பு. வாலண்டைன் நாளுக்கு ஒரு பிள்ளை விடாமல் எல்லோருக்கும் அட்டை கொடுக்க வேண்டும் என்று டீச்சர் பெயர்ப் பட்டியலே அனுப்பிவிட்டார். 22 பெயர். இருபத்தொன்றை எழுதி முடித்தவள் ஒரு பையன் பெயரில் வந்து நின்றாள். "இவன்கூட யாரும் விளையாட மாட்டாங்க ஆச்சி. பாவம். இவனுக்குப் பெருசா ஒண்ணு கொடுக்கப்போறேன்" என்று, 'எனக்கே எனக்காய் இரு' என்கிற பொருளில் இங்கிலீஷ் வாசகம் அச்சடித்த அட்டையை எடுத்தாள்.

"அது வேண்டாம்ளா. இந்தத் தவளைப் படத்தைக் கொடு" என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளிடம் எனக்குச் சொல்லத் தெரியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் பள்ளிப் பழைய மாணவர் மலர்க்குழு என்னிடம் கேட்டது ஆண்டு விழா நினைவுகள். அதை வேறு யாராவது எழுதுவார்கள், மன்னிக்கவும்.

நாம் படித்த காலத்தில் பாளையங்கோட்டையில் அட்டை என்றால் பொங்கல் வாழ்த்துதான். மார்கழி பாதியிலேயே தெற்கு பஜாரில் கயிறு கட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள். ரஜினி, கமல், எம்.ஜி.ஆர்., சிவாஜி, முருகன், பொங்கும் பானை, வண்டி மாடு. ஜிகினா ஒட்டியது விலை கூடுதல். வீடு வந்து சேர்வதற்குள் பாதி ஜிகினா பாவாடையில் இருக்கும். உறையை ஒட்டாமல் மடக்கி மட்டும் விட்டால் புக் போஸ்ட், ஸ்டாம்புச் செலவு குறைவு. ஆனால் கையால் ஐந்து சொல்லுக்கு மேல் எழுதினால் வாங்குகிறவர் அபராதம் கட்ட வேண்டும் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். விரல் விட்டு எண்ணித்தான் எழுதுவேன்.

லீவு முடிந்து வந்ததும் வகுப்பில் கணக்கெடுப்பு நடக்கும். உனக்கு எத்தனை வந்துச்சு, எனக்கு எத்தனை. பம்பாயில் மாமா இருக்கிற பிள்ளைகள்தான் எப்போதும் ஜெயிக்கும். 1982 பொங்கல், ஆறாம் வகுப்பு. கடைசி பெஞ்சு விடுதிப் பையன் ஒருவன், "எனக்கு பதினேழு" என்றான். பெயர் வேண்டாம், இந்த மலர் அவன் கைக்கும் போகும். அவனுக்குச் சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரிக்காட்டில் ஒரு ஊர். (தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986-இல்தான், அப்போது அதுவும் திருநெல்வேலி ஜில்லா.) அப்பா பனையேறி. அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் எழுதிக்கொள்வதில்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"எங்கல, கொண்டாந்து காட்டு."

"ஆடு தின்னுட்டு."

வகுப்பே சிரித்தது. நானும்தான். பதினேழு அட்டையையும் ஜிகினாவோடு தின்ற ஆடு அந்த வருஷம் முழுக்க எங்கள் வாயில் மென்றுகொண்டே இருந்தது.

அடுத்த மார்கழியில் பத்து அட்டை வாங்கினேன். ஒன்பது போய்விட்டது. மிஞ்சியது ஒரு வண்டி மாடு, ஒரு மூலை மடங்கியது. ஆடு ஞாபகம் வந்தது. பாவமே என்று அவன் பெயரை எழுதி, ஊர் பெயரை எழுதி, 'சாத்தான்குளம் வழி' என்று போட்டேன். பின்கோடு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தும் அதை எழுதுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. உள்ளே 'பொங்கல் வாழ்த்து. அன்புடன்' என்று எழுதி என் பெயர். எண்ணினேன், நாலு. காசு கொடுத்து ஸ்டாம்பு ஒட்டுகிறோம், ஒரு சொல்லை ஏன் சும்மா விடணும் என்று 'அன்புடன்'க்கு முன்னால் 'என்றும்' சேர்த்தேன். சத்தியமாக அவ்வளவுதான் காரணம்.

லீவு முடிந்த திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் ஒரு அம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. கையில் காக்கித் துணிப்பை. என்னை அவன் கண்ணால் காட்டியிருக்க வேண்டும். நேரே வந்து என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். அத்தனையும் சொடுக்கியது.

"எம் பயலுக்குக் காயிதம் போட்டது நீதானா மக்ளே? தபால்காரரு தெருவுல நின்னு வாசிச்சாரு. என்னிக்கும் அன்பா இருப்பேன்னு எழுதியிருக்கியாமே! எங்க வீட்டுக்குக் காயிதமே வந்ததில்ல, பாத்துக்கோ."

பையில் அவித்த பனங்கிழங்கு, ஒரு கட்டு, இருபத்தைந்து. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பனங்கொட்டையைப் பாத்தி கட்டி மணலில் புதைத்து, முளை கீழே இறங்கிக் கிழங்கானதும் தை வாக்கில் தோண்டுவார்கள். தோலை உரித்து, நாரைக் கிழித்து, இரண்டாகப் பிளந்தால் நடுவில் பீலி என்கிற மெல்லிய குருத்து இருக்கும். அந்தக் கிழங்குகளில் தோலும் நாரும் ஏற்கெனவே உரித்திருந்தது. இருபத்தைந்தையும் உட்கார்ந்து உரித்திருக்கிறாள்.

வகுப்புக்குள் கொண்டுபோய் பெஞ்சில் கொட்டினேன். பிள்ளைகள் விடுவார்களா? "ஏட்டி, ஒன் மாமியா சீர் கொண்டாந்துட்டா!" எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "சீ! அவனுக்கு ஒரு பயலும் போட மாட்டானேன்னு பாவப்பட்டுப் போட்டேன்டி. யாருக்கும் வேண்டாத அட்டை அது" என்றேன், நல்ல சத்தமாக.

திரும்பினால் கதவு பக்கத்தில் அவன்.

"அம்மா பையை வாங்கியாரச் சொன்னா" என்றான். கொடுத்தேன். உதறி, நாலாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.

பிறகு சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. ஆனால் 1984 பொங்கலுக்கு அவனிடமிருந்து அட்டை வந்தது. பிரித்ததும் பழக்கத்தில் எண்ணினேன். 'பொங்கல் வாழ்த்து. அன்புடன்', அவன் பெயர். நாலு. பிளஸ் டூ வரைக்கும் வருஷம் தவறாமல் வந்தது, எல்லாவற்றிலும் அதே நாலு சொல். கூடவே தை மாதம் விடுதிக்கு வரும்போது கையில் ஒரு கட்டுக் கிழங்கு. "அம்மா கொடுத்தா" என்று மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவான். வீட்டில் அவன் எதுவுமே சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். நான் திரும்ப ஒரு அட்டையும் போடவில்லை. வெட்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். சோம்பலும் உண்டு.

2019 டிசம்பரில் ஊருக்குப் போனபோது, திருச்செந்தூர் போகிற வழியில் விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். இப்போது சாத்தான்குளத்தில் கடை வைத்திருக்கிறான். அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கண் மங்கல். பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சாமி படத்துச் சட்டத்தின் இடுக்கில் வண்டி மாடு செருகியிருந்தது. வெளுத்து மாடு நீலமாகியிருந்தது. ஜிகினா ஒரு பொட்டுகூட இல்லை. எடுத்துப் பிரித்து, "இந்தா, என்றும் அன்புடன்" என்று விரல் வைத்துக் காட்டினாள். விரல் 'பொங்கல்' மேல் இருந்தது. அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான், திருத்தவில்லை.

"இப்பமும் காயிதம் போடுதியா மக்ளே?"

நான் வாயெடுப்பதற்குள், "வருசம் தவறாம வருதுல்லாம்மா. கடை விலாசத்துக்கு வருது" என்றான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவனிடம் பின்கோடு கேட்டேன். சொன்னான். பேனா இல்லை, போனில் குறித்துக்கொண்டேன்.