அப்பாவின் ரிப்போர்ட்டில் ஆறு விஷயங்கள்

அப்பாவுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த அன்று, "கட்டி எவ்வளவு பெருசு டாக்டர்?" என்றுதான் கேட்டேன். அவர் ஸ்கேன் படத்தை ஒதுக்கிவிட்டு, "அப்பா தானாவே குளிக்கிறாராம்மா? வேட்டி அவரே கட்டிக்கிறாரா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகுதான் விளங்கியது. பரவிய சிறுநீரகப் புற்றுநோயில் ஒருவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று கணிக்க, புற்றுநோய் மருத்துவர் டேனியல் ஹெங் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வை வைத்து, இன்றும் ஆறு விஷயங்களைப் பார்க்கிறார்கள். அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத அளவு தளர்ச்சி, நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள்ளேயே மருந்து தொடங்க வேண்டிய நிலை, குறைந்த ஹீமோகுளோபின், ரத்தத்தில் கூடுதலான கால்சியம், கூடுதலான நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு), கூடுதலான பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு). ஒன்றுமே இல்லாதவர்களில் 75 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுகள் தாண்டியும் இருந்தார்கள். மூன்றோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 7 சதவீதம்தான். அந்த 7 என்ற எண்ணைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

அப்பாவுக்கு இரண்டு. ஹீமோகுளோபின் 9.8, மருந்தும் உடனே தொடங்க வேண்டியிருந்தது. ஆக, நடுத்தரப் பிரிவு.

ஆனால் அந்தக் கணக்கு, உடலின் எதிர்ப்பு சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இந்தக் கால இம்யூனோதெரபி மருந்துகள் வருவதற்கு முந்தையது. நடுத்தர, மோசமான பிரிவினருக்கு அந்த வகை மருந்துகளான நிவோலுமாப், இபிலிமுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, அதற்கு முன்பிருந்தே வழக்கத்தில் இருந்த சுனிடினிப் மாத்திரை எடுத்தவர்களைவிட அதிக நாள் வாழ்ந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்பாவுக்கும் அதைத்தான் தொடங்கியிருக்கிறார்கள்.

இன்று காலை இரண்டாவது டோஸுக்குக் கிளம்பினோம். கை நடுங்க நடுங்க, வேட்டியை அவரே கட்டிக்கொண்டார். நான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.