குப்பனூர் வழி இல்லாத ஆட்டம்

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமையும் 2024 ஜூனில் வெளிவந்த அதன் கூடுதல் பகுதியையும் முடித்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அம்மாப்பேட்டை வீட்டு மாடி அறையில், பக்கத்துத் தெருவின் விசைத்தறிச் சத்தம் அடங்காத இரவுகளில், ஏறத்தாழ எட்டு மாதங்கள் விளையாடிய ஆட்டம் அது. அடுத்து எதை எடுப்பது என்ற யோசனையிலேயே இந்த மூன்று வாரங்களும் போய்விட்டன. இருப்பதிலேயே எது கடினம் என்று தேடிப் பிடிப்பதுதான் இவ்வகை ஆட்டங்களை விரும்புவோரின் வழக்கம். நானோ, எல்டன் ரிங்கை எப்படி முடித்தேன் என்பதை முதலில் நேர்மையாக எண்ணிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பார்த்த பிறகு அவ்வளவு பெருமையாக இல்லை.

ஸ்டார்ம்வெயில் கோட்டைக்கு முன்னால் வழிமறித்து நிற்கும் மார்கிட்டிடம் முதல் வாரத்திலேயே முப்பது முறைக்கு மேல் மாண்டேன். அவன் கைத்தடியை ஓங்கிவிட்டு ஒரு கணம் தாமதித்துத்தான் அடிப்பான்; ஓங்கியதைப் பார்த்த உடனே உருண்டு விலகிவிடும் என்னைப் போன்றவர்களுக்கென்றே வைத்த தாமதம் அது. அந்தத் தாமதத்தை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. தெற்கே வீப்பிங் பெனின்சுலாவுக்குக் குதிரையைத் திருப்பி, அங்கிருந்த குகைகளை ஒவ்வொன்றாக முடித்து, எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் ரூன் புள்ளிகளைச் சேர்த்து லெவலை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து, நான் ஏவிய ஓநாய் ஆவிகளை அவன் விரட்டிக்கொண்டிருக்கும்போது முதுகுப் பக்கம் வெட்டி வென்றேன். கடைசிவரை இதே கதைதான். மலேனியா என்ற எதிரியை வீழ்த்தியதுகூட, என் உருவத்தையே நகலெடுத்துப் போரிடும் மிமிக் டியரின் தயவில்தான். கண்ட்ரோலரே இதற்குச் சாட்சி: உருளும் பொத்தானில் இருந்த எழுத்து தேய்ந்து அழிந்துவிட்டது, தடுக்கும் பொத்தான் வாங்கிய அன்று இருந்தது போலவே இருக்கிறது.

இதை ஆட்டத்தின் குறையாகச் சொல்லவில்லை. அதன் அமைப்பே அப்படி. ஏற்காட்டுக்குப் போய்வரும் சேலத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மழைக்காலத்தில் மண் சரிந்து அந்தச் சாலையை அடைத்துவிட்டால், குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடலாம். எல்டன் ரிங்கில் எங்கே வழி அடைபட்டாலும் ஒரு குப்பனூர் சாலை இருக்கும். எட்டு மாதங்களும் நான் அந்தச் சாலையில்தான் போனேன். எனவே அடுத்த ஆட்டத்தில் எனக்கு வேண்டியது கூடுதல் கடினம் அன்று, சுற்றுவழி இல்லாமை.

இப்படி முடிவானதும் பட்டியல் விரைவாகச் சுருங்கியது. 2015-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு மட்டும் வந்த பிளட்போர்ன் கணினியில் இல்லாததால் அது முதலிலேயே கழிந்தது. பிளாக் மித் வூகாங் 130 ஜிபி இடம் கேட்கிறது. என் கணினியின் 1650 கிராஃபிக்ஸ் கார்டும் அதற்குப் போதாது. நியோ 2-இன் சண்டை முறை உண்மையிலேயே ஆழமானது. வாளை மேலே, நடுவே, கீழே என மூன்று நிலைகளில் பிடிக்கலாம். வெட்டி முடித்ததும் சரியான நொடியில் பொத்தானை அழுத்தினால் செலவான மூச்சு திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு களம் முடிந்ததும் குவியும் வாள்களையும் கவசங்களையும் தரம் பார்த்துப் பிரிப்பது, செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை பிரிக்கும் வேலையாக எனக்குத் தோன்றுகிறது. பகலெல்லாம் கடையில் சரக்குக் கணக்குப் பார்த்துவிட்டு இரவிலும் அதையே செய்ய மனம் வரவில்லை.

மிஞ்சியவை இரண்டு: லைஸ் ஆஃப் பி, செகிரோ.

முதலாவதைப் பரிந்துரைத்தவன் சித்தப்பா மகன். "எல்டன் ரிங் முடிச்ச கையோட இதை எடுங்கண்ணா, அதுதான் சரியா இருக்கும்" என்று தன் லேப்டாப்பையே கொண்டுவந்து கொடுத்தான். பினோக்கியோ கதையை எடுத்துக்கொண்டு, க்ராட் என்னும் இருண்ட நகரில் பொம்மைகள் மனிதர்களைக் கொல்லும் கதையாகக் கொரிய நிறுவனம் ஒன்று 2023-இல் வெளியிட்ட ஆட்டம் இது. ஒரு வாளின் அலகைக் கழற்றி வேறொன்றின் பிடியில் மாட்டிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடி விழும் கணத்தில் தடுப்பதற்குத் தனிப் பலனும் உண்டு. எனினும் மூன்று இரவுகள் விளையாடியதில் ஒன்று தெரிந்தது: இதிலும் லெவலை ஏற்றலாம், பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் வாசலில் துணைக்கு ஓர் உருவத்தை அழைக்கலாம்; 2025 ஜூனிலிருந்து கடினத்தின் அளவையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நல்ல ஆட்டம்தான், ஆனால் என் போன்ற ஆள் அங்கேயும் குப்பனூர் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுவான்.

செகிரோவில் அது முடியாது. எல்டன் ரிங்கை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனமே 2019-இல் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் வலிமை, அறிவு என்று புள்ளிகளை ஏற்றும் வழக்கம் கிடையாது. துணைக்கு அழைக்க ஆளும் இல்லை, ஆவியும் இல்லை. செயற்கைக் கையில் பொருத்தும் கருவிகள் சில உண்டு என்றாலும், தொடக்கம் முதல் முடிவு வரை முதன்மை ஆயுதம் ஒரே வாள்தான். நான்கு ஜெபமணிகளைச் சேர்த்தால் உயிர்ப்பட்டை சற்று நீளும்; தாக்கும் வலிமை கூட வேண்டுமானால் பெரும்பாலும் ஒரு பாஸை வென்றே தீரவேண்டும். அதாவது, மலையை ஏறியவனுக்குத்தான் மலையேறும் வலிமை கிடைக்கும்.

அதைவிட என்னை ஈர்த்தது அதன் நிலைகுலைவுக் கணக்கு. எதிரியின் உயிர்ப்பட்டையை முழுதும் கரைக்க வேண்டியதில்லை. அவன் வெட்டு விழும் கணத்தில் வாளை உயர்த்தித் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் அவன் நிலைகுலைவு ஏறி, நிரம்பியதும் ஒரே குத்தில் முடித்துவிடலாம். விலகி ஓடி இளைப்பாறினால் அவனும் நிலையை மீட்டுக்கொள்கிறான். உயிர் குறையக் குறைய அந்த மீட்சி மந்தமாகும் என்பதால் இடையிடையே வெட்டவும் வேண்டும். சிவப்பு எழுத்து தோன்றினால் இன்னொரு கணக்கு: குத்து வந்தால் அதை நோக்கியே முன்னேறி மிதிக்க வேண்டும், காலைக் குறிவைத்துக் கீழாக வீசினால் குதிக்க வேண்டும், பிடிக்க வந்தால்தான் விலக வேண்டும். எட்டு மாதங்களாகப் பின்வாங்கியே பழகிய கைக்கு, குத்தவரும் ஈட்டியை நோக்கி ஓர் அடி எடுத்துவைப்பது எப்படி இருக்கும் என்று நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது.

வீட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. எல்டன் ரிங்கில் மெனுவைத் திறந்தாலும் சண்டை நிற்காது. அம்மா கீழிருந்து கூப்பிட்டால், "இதோ வரேம்மா" என்று சொல்லிக்கொண்டே சாக வேண்டியதுதான்; அப்படி எத்தனை ரூன்கள் போயின என்பதற்குக் கணக்கில்லை. செகிரோவை இடையில் நிறுத்திவைக்கலாம்.

25 ஜிபி இடம் போதும் என்பதால் பழைய கோப்புகளைக்கூட அழிக்க நேரவில்லை. நேற்றே இறக்கி வைத்துவிட்டேன். தம்பிக்கு வருத்தம்தான். அஷினா கோட்டையின் உச்சியில் கெனிச்சிரோ என்று ஒருவன் இருப்பதாகவும், ஆடி முடிவதற்குள் நான் அவனைத் தாண்டமாட்டேன் என்றும் ஒரு தட்டுவடை செட்டுக்குப் பந்தயம் கட்டியிருக்கிறான். செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரம் இருக்காது. புதன் இரவு தொடங்குகிறேன்.