சாண்டாவின் நாற்காலியும் கல்லாப்பெட்டியும்

அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதி கிடைத்ததும் எனக்கு முதலில் அமைந்த வேலை, நியூ ஜெர்சியில் ஒரு மாலில் சாண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பது. சாண்டா என்றால் நம் கிறிஸ்துமஸ் தாத்தா. பிள்ளைகள் வரிசையில் வந்து அவரோடு பேசுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நவம்பர் தொடக்கத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை வரைக்கும்தான் அந்த வேலை. சில நாள் கேமராவைப் பிடிப்பேன், சில நாள் வரிசையைப் பார்த்துக்கொள்வேன், பெரும்பாலும் பில் போடுவேன். அடுத்த சீசனுக்கும் கூப்பிட்டார்கள், போனேன்.

அக்டோபர் கடைசி நாள் வரும் ஹாலோவீன் பண்டிகை முடிந்த கையோடு பூசணிக்காய்களை அள்ளிவிட்டு, இரவோடு இரவாக செட் போட்டுவிடுவார்கள். பஞ்சுப் பனி, பெரிய மரம், சிவப்பு நாற்காலி, அதை ஒட்டி கல்லாப்பெட்டி. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கே இன்னும் சில வாரம் இருக்கும். "இப்பவே ஆரம்பிச்சுட்டீங்களா? எல்லாம் வியாபாரமாப் போச்சு" என்று அலுத்துக்கொள்ளாத பெற்றோர் குறைவு. சொல்லிவிட்டு அவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

எங்கள் சாண்டா, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வருடம் முழுக்க வளர்த்த சொந்தத் தாடி. ஒரு தமிழ்த் தாத்தா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏம்மா, தாடி ஒட்டினதா, வளர்த்ததா?" என்று என் காதோரம் கேட்டார். "வளர்த்ததுதான் அங்கிள்" என்றதும் அவருக்கு அப்படி ஒரு மரியாதை வந்துவிட்டது, சாண்டாவுக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னார். சாண்டாவும் கையுறையோடு கைகூப்பினார்.

மிச்சிகன் மாநிலம் மிட்லண்டில் சாண்டாக்களுக்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. சார்லஸ் ஹோவர்ட் என்பவர் 1937இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பியனில் தொடங்கியது. பிறகு மிச்சிகனுக்கு இடம் மாறியது. எங்களவர் அங்கே படித்தவர். இடைவேளையில் 'சாண்டா மான்களுக்குத் தீனி வைக்கப் போயிருக்கிறார்' என்ற பலகையை நாற்காலியில் வைத்துவிட்டு, சாமான் அறைக்கு வந்து கையுறையைக் கழற்றி, ஐஸ் தண்ணீர் குடித்தபடி கதை சொல்வார். அந்த உடுப்புக்குள் அவ்வளவு வெக்கை.

கடைக்குள் சாண்டா வந்த கதையை அவரிடம்தான் முதலில் கேட்டேன். 1890இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் ஊரில் ஜேம்ஸ் எட்கர் என்ற கடைக்காரர் சாண்டா வேஷம் கட்டிக்கொண்டு தன் கடைக்குள்ளேயே நடந்திருக்கிறார். செய்தி பரவி, பாஸ்டனிலிருந்தும் பிராவிடன்ஸிலிருந்தும் பிள்ளைகளை ரயிலில் கூட்டி வந்திருக்கிறார்கள். மற்ற கடைகளும் சும்மா இருக்குமா? சாண்டாவின் வண்டியை இழுப்பதாகப் பிள்ளைகள் பாடும் ருடால்ஃப் என்ற சிவப்பு மூக்கு மான்கூட, 1939இல் மான்ட்கோமரி வார்ட் கடை இலவசமாகக் கொடுத்த சின்னப் புத்தகத்தில் பிறந்ததுதான்.

அதே 1939இல்தான் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் செய்த காரியமும். அந்த வருடம் தேங்க்ஸ்கிவிங் நவம்பர் 30இல் வர வேண்டியது. அது முடியாமல் கிறிஸ்துமஸ் விற்பனையைத் தொடங்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். நாள் போதாது என்று வியாபாரிகள் முறையிட, அதிபர் பண்டிகையையே ஒரு வாரம் முன்னால் தள்ளிவிட்டார். பல மாநிலங்கள் ஏற்கவில்லை. ஒரே நாட்டில் இரண்டு தேங்க்ஸ்கிவிங் நடந்தது. 1941இல் சட்டம் போட்டு நவம்பரின் நான்காவது வியாழன் என்று முடிவுகட்டினார்கள்.

இன்னும் பின்னால் போனால், மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே ஐந்து ஷில்லிங் அபராதம். ஆக, முன்பு எல்லாம் சுத்தமாக இருந்தது, மால் வந்துதான் கெடுத்தது என்ற பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாலில் உட்கார்ந்திருக்கும் சாண்டா கடையில் பிறந்த பிள்ளை. காசு அங்கே இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் என் கவலை.

எங்கள் செட்டில் போட்டோ பேக்கேஜ் 40 டாலருக்கு மேல் தொடங்கும். பெரிய பிரிண்ட், ஃபிரேம், டிஜிட்டல் பிரதி என்று சேர்த்தால் எங்கேயோ போய்விடும். சொந்த போனில் படம் எடுக்க அனுமதியில்லை என்று பலகை உண்டு. விதிப்படி சாண்டாவைப் பார்க்கவும் பேசவும் காசு கிடையாது. ஆனால் அந்த விதி எந்தப் பலகையிலும் இல்லை. வரிசையின் தலைமாட்டில் பெரிதாக இருப்பது விலைப்பட்டியல். ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக எவ்வளவு விற்றோம் என்ற கணக்கு தினமும் இரவு உள்ளறைச் சுவரில் ஒட்டப்படும். அதில் யார் பெயர் கீழே இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒரு சாயங்காலம், மருந்துக்கடை சீருடையோடு ஒரு பெண் ஆறு வயதிருக்கும் மகனைக் கூட்டி வந்தார். பட்டியலைப் படித்தார். பையனின் தோளைப் பிடித்து அப்படியே வரிசையிலிருந்து திருப்பினார். அவன் அழவில்லை, கையிலிருந்த காகிதத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நான் ஓடிப்போய், "போட்டோ வேண்டாம்னா பரவாயில்லை, சாண்டாகிட்ட பேசுறதுக்குக் காசு கிடையாது" என்றேன். அவர் நம்பவில்லை. நிஜமாகவா என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

பையன் சாண்டாவிடம் காகிதத்தை நீட்டினான். பொம்மைப் பட்டியல் என்றுதான் நினைத்தேன். அவர்களுடைய புது வீட்டு விலாசம் அது. வீடு மாறிவிட்டார்கள், அதைச் சாண்டாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவனுக்குக் கவலை. சாண்டா கண்ணாடியை ஏற்றிவிட்டு, தெருப் பெயர், கட்டிடம், கதவு எண் எல்லாவற்றையும் உரக்க வாசித்தார். "மூணாவது மாடி, சரிதானே?" என்று கேட்டார். காகிதத்தை மடித்து உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறெதுவும் கேட்காமல் பையன் இறங்கிப் போய்விட்டான். வரிசைக்கு முன்னால் 'இலவசம்' என்ற பேச்சை எடுக்காதே என்று அன்றைக்கே மேலாளர் என்னிடம் சொன்னார். நான் நிறுத்தவில்லை.

சாண்டாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பிள்ளைக்கும் எதையும் தருவதாக வாக்குக் கொடுக்க மாட்டார். விலை கூடிய சாமானைக் கேட்டால் முதலில் பெற்றோர் முகத்தைப் பார்ப்பார். அவர்கள் லேசாகத் தலையசைத்தால் "பார்க்கலாம்". உதட்டைப் பிதுக்கினால், "அதை எங்க பட்டறையில செய்றது கஷ்டம், வேற என்ன பிடிக்கும்?" என்று பேச்சை மாற்றிவிடுவார். கடைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு அப்பாவின் சட்டைப்பை கனத்துக்கு ஏற்றபடி ஆசையைச் சிறிதாக்கித் தருகிற மனிதர். எனக்குத் தெரிந்து அந்தக் கட்டிடத்தில் அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் ஒரு ஞாயிறு காலை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக மால் திறக்கும் முன்பே வரச் சொல்வோம். பாட்டை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, வரிசை இல்லாமல் நேரம் குறித்துக் கொடுத்திருப்போம். நாற்காலியில் உட்காராமல் மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தான் ஒருவன். சாண்டா எழுந்து, அவன் கூடவே தரையில் உட்கார்ந்து, பஞ்சுப் பனியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் போட்டோ விற்றோம். பிள்ளை இறங்கி வந்த பிறகு, மெதுவாக.

நான் பாளையங்கோட்டைக்காரி. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது கிறிஸ்துமஸ் தாத்தா வீட்டு வாசலுக்கே வந்து ஆடுவார், மிட்டாய் கொடுப்பார். காணிக்கைக்கு ஒருவர் பையோடு நிற்பார். அங்கேயும் காசு உண்டு. ஆனால் பாட்டும் ஆட்டமும் முடிந்த பிறகுதான் பை நீளும். போடாத வீட்டுப் பிள்ளைக்கும் மிட்டாய் கிடைத்திருக்கும். மாலிலும் இந்த வரிசைமுறையை வைத்துக்கொள்ள ஒரு பலகை போதும். 'பார்க்கக் கட்டணம் இல்லை' என்று விலைப்பட்டியலுக்கு மேலே எழுதினால் விற்பனை படுத்துவிடாது. காசு உள்ளவர்கள் எப்படியும் வாங்கத்தான் செய்தார்கள்.

பிள்ளையைச் சாண்டாவிடம் கூட்டிப்போக வேண்டும் என்று இப்போது தெரிந்தவர்கள் கேட்டால், டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வார நாள் காலையில் போங்கள் என்பேன். போட்டோ கட்டாயமா என்று வரிசையில் நிற்கும் முன்பே கேளுங்கள். கைக்குழந்தை தாடியைக் கண்டு வீறிட்டால் மடியில் திணிக்காதீர்கள், நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து வைத்துக்கொள்ளுங்கள். மால் ஒத்துவராவிட்டால் ஊர் நூலகத்தில் விசாரியுங்கள். நியூ ஜெர்சியில் பல ஊர்களில் தீயணைப்பு வண்டியில் சாண்டாவை ஏற்றித் தெருத்தெருவாகக் கூட்டி வருகிறார்கள், எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்.