றோட்டுப் பேருக்குப் பின்னால போனா குளத்தில நிக்கும் – வவுனியா நடை, இதுவரைக்கும்

பின்னேரம் வெயில் தணிஞ்சாப் பிறகு டவுனைச் சுத்தி இருக்கிற வீதி, ஒழுங்கை எல்லாத்திலயும் நடந்து, அந்தப் பேர் எப்பிடி வந்தது எண்டு கேட்டுக் கொப்பியில எழுதிறது, இப்ப கொஞ்சக் காலமா இதுதான் என்ர பைத்தியம். மோட்டச்சைக்கிள்ள போனா என்ன எண்டு கேக்கிறாக்கள் இருக்கினம். மோட்டச்சைக்கிள்ள போகேக்க றோட்டில இருக்கிற பள்ளம்தான் தெரியும், றோட்டு எதில வளையுது, எதில மெல்ல ஏறுது எண்டு தெரியாது, எனக்கு வேண்டியது அந்த வளைவும் ஏத்தமும்தான். ஏனெண்டு கீழ சொல்றன்.

டவுனுக்குள்ள பெரிசா ஒண்டும் இல்லை. கண்டி வீதி, மன்னார் வீதி, ஹொரவப்பொத்தானை வீதி, மூண்டும் எங்க போகுதோ அதுதான் பேர். பசார் வீதி, மில் வீதி, புகையிரத நிலைய வீதி எல்லாம் அதில என்ன இருந்ததோ அது. வடக்கு ரெயில் பாதை காங்கேசன்துறை வரைக்கும் போய் முடிஞ்சது 1905இல, அப்ப ஸ்டேசன் றோட்டுக்கும் அவ்வளவுதான் வயசு. உள்வட்ட வீதி, வெளிவட்ட வீதி, முதலாம் குறுக்குத்தெரு எல்லாம் கந்தோரில மேசையில மப்பை விரிச்சு வைச்சுப் போட்ட பேர் மாதிரித்தான் எனக்குப் படுது, உதுகளை ஒரு பக்கத்தோட எழுதி முடிச்சிட்டன்.

டவுனை விட்டு வெளிய கால் வைச்சாத்தான் விசயம். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், கோவில்குளம், தாண்டிக்குளம், நெளுக்குளம், வேப்பங்குளம், உக்குளாங்குளம்... எல்லாம் குளம். சூசைப்பிள்ளையார்குளம் வீதி எண்டு ஒண்டு இருக்கு, சூசையும் பிள்ளையாரும் ஒரே பலகையில, வாசிக்கேக்க ஒவ்வொரு தரமும் சிரிப்பு வரும். வன்னியில வருசம் முழுக்கத் தண்ணி ஓடுற ஆறு இல்லை, ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் வாற மாரி மழையைக் கட்டி வைச்சாத்தான் வயல், வயல் இருந்தாத்தான் ஊர். அதால முதல்ல குளத்துக்குப் பேர், பிறகு அதுக்குக் கீழ இருக்கிற ஊருக்கு அதே பேர், பிறகு ஊர் டவுனோட ஒட்டினாப் பிறகு அதுக்குப் போற றோட்டுக்கும் அதே பேர். இப்ப அந்தப் பேரோட இருக்கிறது ரியூசன் சென்ரரும் பாமசியும் மாடிவீடும்தான்.

அதால இப்ப நான் பலகையை முதல் பாக்கிறதில்லை. நில அளவைத் திணைக்களத்தின்ர பழைய ஒரு இஞ்சி மப்பில, அதுதான் ஒரு மைலுக்கு ஒரு இஞ்சி கணக்கில கீறினது, அதில குளத்தைப் பாத்து வைச்சிட்டு நேர குளக்கட்டுக்குப் போறன். கட்டில ஏறி நிண்டு துருசு (தண்ணி திறந்துவிடுற மதகு) எங்க, வான் (மிச்சத் தண்ணி வழிஞ்சு போற இடம்) எங்க, வாய்க்கால் எந்தப் பக்கம் இறங்குது எண்டு பாத்திட்டு அது வழிய கீழ நடந்தா றோட்டுகள் தானா விளங்கும். வில்லு மாதிரி வளைஞ்சு போற வீதி எண்டா அனேகமாக் கட்டு, இல்லாட்டிக் கட்டுக்குப் பக்கத்தால போன வண்டில் பாதை. சும்மா போய்க்கொண்டிருக்கேக்க சட்டெண்டு தொண்ணூறு பாகையில முறிஞ்சு திரும்பிற ஒழுங்கை எண்டா வயல் வரம்பு, வயலைத் துண்டு துண்டா வித்தவை வரம்பைத்தான் பாதையா விட்டிருக்கினம். அலைகரைக்குள்ள, அதுதான் குளத்துத் தண்ணி ஏறி நிக்கிற உள்பக்கத்தில, வீடு கட்டின இடங்களும் கண்ணில படுது, அங்க பேர் கேக்கப் போனா "ஆர் நீங்கள், காணி அளக்க வந்தனீங்களோ" எண்டு கேக்கினம், அதால மெல்ல நழுவிறது.

புளியங்குளத்தில நல்லாக் குழம்பி நிண்டனான். ஏ9 எண்ட கண்டி–யாழ்ப்பாண றோட்டில வடக்க போனா ஒரு புளியங்குளம், இஞ்ச டவுனோட வைரவபுளியங்குளம், மன்னார் வீதியில பட்டாணிச்சிபுளியங்குளம். புளியமரம் நிண்ட குளம் வன்னியில எத்தினையோ இருந்திருக்கும், வேற வேறயாக் காட்டத்தான் வைரவரும் பட்டாணிச்சியும் முன்னால வந்து நிக்கினம். பட்டாணிச்சிபுளியங்குளத்தை இப்ப சனம் பட்டாணிச்சூர் எண்டுதான் சொல்லுது, குளமும் போட்டுது புளியும் போட்டுது, முன்னுக்கு ஒட்டினது மட்டும் மிஞ்சி நிக்குது. வவுனியாக்குளமும் வவுனிக்குளமும் வேற வேற எண்டதையும் இதில சொல்லிவிடுறன், பின்னது மாங்குளத்துக்கு மேற்கால, முல்லைத்தீவு மாவட்டம்.

சனத்திட்டக் கேக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. "இந்தப் பேர் எப்பிடி ஐயா வந்தது" எண்டு நேர கேட்டா எல்லாரும் ஒரு ராசா கதை சொல்லுவினம், அனேகமா ஒரே ராசாதான். "இந்தக் குளம் வான் பாஞ்சா தண்ணி எந்தப் பக்கத்தால போகும்" எண்டு கேட்டா ஆள் வேற மாதிரி. கோவில்குளப் பக்கம் வாசலில இருந்த ஒரு ஐயா, "தம்பி, உதில நிண்டா விளங்காது, வாரும் காட்டுறன்" எண்டு சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு முன்னால நடந்தார், எந்த மதில் வாய்க்காலுக்கு மேல கட்டினது, எந்த வளவுக்குள்ள வருசா வருசம் தண்ணி ஏறும் எண்டு வீடு வீடாச் சொன்னார், வீட்டுக்காரர் சிலபேர் வெளிய வந்து முறைச்சதும் நடந்தது.

குளமில்லாத பேரும் தண்ணியைத்தான் சொல்லுது. கண்டி வீதியில மூன்றுமுறிப்பு, முறிப்பு எண்டா கட்டு உடைச்ச இடம், அது மூண்டு. நொச்சிமோட்டையில மோட்டை எண்டது சின்னக் குளம், நொச்சி பத்தை. குளப் பேருகளில எனக்குப் பிடிச்சது தாண்டிக்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில இருக்கிற பன்றிக்கெய்தகுளம், ஆரோ பண்டிக்கு அம்பு விட்டிருக்கிறான், அவன்ர பேர் போட்டுது, பண்டி நிக்குது. ஓமந்தை எண்டா எங்கட வயசுக்காரருக்கு ஞாபகம் வாறது சோதனைச்சாவடிதான், யுத்தநிறுத்தத்தோட 2002இல ஏ9 திறந்தாப் பிறகு அதில லைனில நிண்ட நிலை, அந்தப் பக்கம் நடக்கேக்க பேரைப் பற்றி யோசிக்க கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஒரு ஞாயிறு ரெயின் ஏறிக் கிளிநொச்சிக்கும் போனனான். அங்க கதை வேற, 1936இல குடியேற்றத் திட்டமாத் தொடங்கின ஊர், இரணைமடுக் குளத்து வாய்க்கால் போற வழிக்குத்தான் வீதி, வாய்க்கால் நம்பரையே இடத்துக்குப் பேராச் சொல்லுற இடங்களும் இருக்கு. 155ம் கட்டை எண்டது கண்டியில இருந்து எண்ணின மைல்க்கட்டை, கிலோமீற்றர் வந்து எவ்வளவு காலமாச்சு, பஸ்ஸில இப்பவும் "155 இறங்கிறாக்கள்" எண்டுதான் கத்துறான். கரடிப்போக்குச் சந்தியில கரடியைத் தேட வேண்டாம், பஸ் ஹோன்தான்.

இனி மாரிக்குத்தான் காத்திருக்கிறன். வைரவபுளியங்குளத்திலயும் பண்டாரிகுளத்திலயும் வாய்க்காலா இருந்திருக்கும் எண்டு நினைக்கிற ஒழுங்கையளை மப்பில பென்சிலால கீறி வைச்சிருக்கிறன், மழை விடாமப் பெய்யிற நாளில குடையோட போய் எதில தண்ணி ஓடுது, எதில தேங்கி நிக்குது எண்டு பாத்து பேனையால சரி பிழை போடப்போறன். செருப்பு சரிவராது, றப்பர் பூட்ஸ் ஒண்டு வாங்கோணும்.