நாலு செய்தித் தளம், ஒரே சந்தா

செய்தியைப் பகிர்ந்துகொள்வதில் எங்களுக்குள் ஒருநாளும் தகராறு வந்ததில்லை. தூத்துக்குடி, நாகர்கோவில், தென்காசி, விருதுநகர் என்று ஆளுக்கொரு மாவட்டத்தில் சின்னதாக இணையதளம் நடத்துகிற நாலு பேர் நாங்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமோ, மீன்பிடித் தடைக்கால நிவாரணமோ, பட்டாசு ஆலை விபத்தோ, ஒருவர் எழுதியதை மற்றவர் அவர் பெயரோடு எடுத்துப் போடுவது வழக்கம். வாசகரிடம் சேர்ந்து சந்தா வாங்கலாம் என்று பேச்செடுத்த பிறகுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

2018-இல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழுக்கு வந்தபோது, விளம்பரத்திலேயே வண்டி ஓடிவிடும் என்று நம்பினோம். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் அதில் பணம் கைக்கு வரும். சினிமா கிசுகிசு போடாத மாவட்டத் தளத்துக்கு அது மாதாமாதம் சேராது. இன்னொரு பக்கம், 2024-இல், கட்சிகளுக்கு நன்கொடையாகப் போன தேர்தல் பத்திரங்களின் விவரங்கள் வெளியானபோது ஸ்க்ரோல், நியூஸ்லாண்ட்ரி, நியூஸ் மினிட் என்ற செய்தித் தளங்கள் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து தோண்டியதைப் பார்த்தோம். அவர்கள் அளவு வேறு, நம் அளவு வேறு. ஆனாலும் நாலு பேரும் தனித்தனியாக வாசகரிடம் கையேந்துவதைவிட ஒரே சந்தாவாகக் கேட்கலாம் என்று தோன்றியது.

முதலில் என் கணக்கிலேயே பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதாகத்தான் திட்டம். ஆடிட்டர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். வருவது மொத்தமும் என் வருமானமாகத் தெரியும், நாளைக்கு வருமான வரிக்காரர் கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். லாப நோக்கமில்லாத செக்‌ஷன் 8 கம்பெனியாகப் பதிந்தால் லாபத்தைப் பங்கு போட முடியாது. சாதாரணக் கூட்டாண்மையில் ஒருவர் மாட்டினால் எல்லோரும் மாட்டுவோம். கடைசியில் எல்.எல்.பி., அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை என்று முடிவானது. அதில் ஒரு கூட்டாளி செய்த தவறுக்கு இன்னொருவர் சொந்தச் சொத்தைக் கொண்டு ஈடுகட்ட வேண்டியதில்லை. விற்றுமுதல் 40 லட்சத்தையும் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாதவரை அந்தச் சட்டப்படி கட்டாயத் தணிக்கையும் கிடையாது. டிஜிட்டல் கையெழுத்து, பெயர் ஒப்புதல், பதிவு எல்லாம் ஆன்லைனிலேயே முடிந்துவிட்டன.

பதிவான 30 நாளுக்குள் கூட்டாளிகளின் ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். எங்களை உட்காரவைத்து வாட்டியது அந்த ஒப்பந்தம்தான்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? யார் கட்டுரையை எத்தனை பேர் படித்தார்களோ அந்தக் கணக்கில் என்றார் நாகர்கோவில்காரர். “அப்படின்னா மழைக்கு ஸ்கூல் லீவான்னு ஒரு வரி போடுறவருக்குத்தான் எல்லாக் காசும் போகும்” என்றார் தென்காசி அண்ணன். அவர் சொன்னது நியாயம். பஞ்சாயத்துக் கணக்கை வாரக்கணக்கில் துருவி எழுதியதை நானூறு பேர் படிப்பார்கள், மழை விடுமுறையை நாற்பதாயிரம் பேர் படிப்பார்கள். சமமாகப் பிரித்தால் உழைக்காதவருக்கும் போகுமே என்று அடுத்த பேச்சு. டீ ஆறி, குரல் உயர்ந்து, ஒருவர் எழுந்தே போய்விட்டார். அப்புறம் போனில் பேசி ஒரு வழிக்கு வந்தோம்: பாதித் தொகை சமமாக, கால்வாசி எந்தத் தளம் வழியாகச் சந்தாதாரர் வந்தாரோ அதற்கு, மீதிக் கால்வாசி படிப்பு எண்ணிக்கைப்படி. மாதத்துக்குக் குறைந்தது இத்தனை நேரடிச் செய்தி என்று ஒரு வரம்பும் வைத்தோம். அதை எட்டாதவருக்கு அந்த மாதம் சமப்பங்கு கிடையாது.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் செலவு யாருடையது என்பதையும் அப்போதே எழுதிவிட்டோம். வெளியிடும் முன் இன்னொரு தளத்துக்காரர் படித்துச் சரி சொன்ன செய்தி என்றால் பொதுப் பணத்திலிருந்து, இல்லையென்றால் எழுதியவர் பாடு. இந்த ஒரு விதியால் எங்கள் செய்திகளின் தரமே கொஞ்சம் ஏறியது. அடுத்தவர் படிக்கப் போகிறார் என்றால் ஆதாரத்தை எடுத்து வைத்துக்கொண்டுதானே எழுதுவோம்.

இணையத்தில் வாசகரிடம் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு விண்ணப்பித்தபோது தளத்தில் பணம் திருப்பித் தரும் விதி, தனியுரிமைக் கொள்கை, தொடர்பு முகவரி எல்லாம் தனித்தனிப் பக்கமாக வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். போட்டுக் கொடுத்ததும் கிடைத்தது. எழுத்து வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை.

மாதம் 99 ரூபாய், மாதாமாதம் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளும் யுபிஐ ஆட்டோபே. காகிதத்தில் அழகாக இருந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்பே வாசகருக்குத் தகவல் போக வேண்டும். நல்ல விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தகவலைப் பார்த்ததும் ஏதோ மோசடி என்று பயந்து ரத்து செய்தவர்கள் நிறைய. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டு, “தம்பி, மாசாமாசம் என் கணக்குல கை வைக்காதீங்க. வருஷத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க, மொத்தமா அனுப்பிடறேன்” என்றார். அன்றே ஆண்டுச் சந்தாவை முன்னுக்குக் கொண்டுவந்து, க்யூஆர் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினோம். ஆட்டோபேயைவிட அதில்தான் இன்றுவரை அதிகம் வருகிறது. பணம் கட்டியவரை கையால் பட்டியலில் சேர்க்க வேண்டும், ரசீது அனுப்ப வேண்டும். அந்த வேலைக்குப் பகுதிநேரமாக ஒரு தங்கையை வைத்திருக்கிறோம். அவர் சம்பளம் போகத்தான் பங்கு.

அச்சுப் பத்திரிகைக்கு ஜிஎஸ்டி கிடையாது, இணையச் சந்தாவுக்கு 18 சதவீதம். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டாததால் இப்போதைக்கு எங்களுக்குப் பதிவு தேவைப்படவில்லை. தாண்டினால் 99 ரூபாயை ஏற்றுவதா, வரியை நாங்களே தாங்குவதா என்பதில் இப்போதே இரண்டு கட்சி.

நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு இந்தப் பணம் இல்லை. சர்வர் வாடகை, பெட்ரோல், ஆடிட்டர் ஃபீஸ் இதில் ஓடுகின்றன. முன்பு இவை எங்கள் வீட்டுப் பணத்தில் ஓடின. தேனியிலிருந்து ஒரு தளத்துக்காரர் சேரக் கேட்டிருக்கிறார். முதல் ஆறு மாதம் சமப்பங்கு இல்லாமல் மற்ற இரண்டு கணக்கில் மட்டும் என்று சொல்லியிருக்கிறோம். ஒப்பந்த நகலை அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன்.