டைரக்டரி இருக்கிறதா?

மார்ச் 3

அறிக்கைகளைச் சேமிக்கும் பைத்தான் நிரல் இன்று பாதியில் நின்றுவிட்டது. 'அவுட்புட்' டைரக்டரி (கோப்புகளை வைக்கும் ஃபோல்டர்) இல்லையென்றால் உருவாக்கிவிட்டு உள்ளே எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. பழைய வரி 'இது இருக்கிறதா?' என்று ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ் மூலம் கேட்கிறது, ஆம் என்று பதில் வருகிறது, அப்புறம் எழுதும்போது பிழை. போய்ப் பார்த்தால் 'அவுட்புட்' என்ற பெயரில் ஜீரோ பைட்டில் ஒரு கோப்பு! எக்ஸிஸ்ட்ஸ் சொன்னது சரிதான். அந்தப் பெயரில் ஏதாவது இருந்தாலே அதற்குப் போதும். டைரக்டரிதானா என்று தெரிய ஓஎஸ்.பாத்.இஸ்டிர் என்ற சோதனை வேண்டும்.

மார்ச் 4

லினக்ஸில் இந்தக் கேள்வியெல்லாம் பெரும்பாலும் ஸ்டாட் என்ற சிஸ்டம் காலில்தான், அதாவது இயங்குதளத்திடமே கேட்கும் அழைப்பில்தான், போய் முடிகிறது. அது தரும் மோட் எண்ணின் சில பிட்கள், இது கோப்பா டைரக்டரியா என்று சொல்லிவிடும். சிம்லிங்க் (வேறோர் இடத்தைக் காட்டும் குறுக்குவழி) என்றால் ஸ்டாட் அது காட்டும் இடத்துக்கே போய்ப் பார்க்கும். எல்ஸ்டாட் என்ற இன்னொரு அழைப்பு லிங்க்கோடு நின்றுகொள்ளும்.

உடைந்த லிங்க் ஒன்றை வைத்துச் சோதித்தேன். எக்ஸிஸ்ட்ஸ் 'இல்லை' என்கிறது, இஸ்டிரும் 'இல்லை' என்கிறது. அதே பெயரில் எம்கேடிர் (டைரக்டரி உருவாக்கும் கட்டளை) செய்தால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பிழை. பெயர் இருக்கிறது, அது காட்டும் இடம்தான் இல்லை.

மார்ச் 6

அனுமதி விஷயம்தான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது. மேல் டைரக்டரிக்குள் நுழைய எக்ஸிக்யூட் அனுமதி இல்லாவிட்டால் ஸ்டாட் தோற்கும், இஸ்டிர் பேசாமல் ஃபால்ஸ் (இல்லை) தந்துவிடும். 'இல்லை' என்பதும் 'பார்க்க முடியவில்லை' என்பதும் ஒன்றா என்ன? ஜாவா நிரல் மொழியில் இதை ஒளிக்காமல் வைத்திருக்கிறார்கள்: ஃபைல்ஸ்.எக்ஸிஸ்ட்ஸ், ஃபைல்ஸ்.நாட்எக்ஸிஸ்ட்ஸ் இரண்டுமே ஃபால்ஸ் தரலாம். தெரியவில்லை என்றால் தெரியவில்லை. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மார்ச் 9

ஒரே நேரத்தில் இந்த நிரலை இரண்டு பிராசஸாக, அதாவது இரண்டு தனி ஓட்டங்களாக, ஓடவிட்டேன். இரண்டும் கேட்டன, இரண்டுக்கும் 'இல்லை', இரண்டும் உருவாக்கப் போயின, பிந்தியது பிழையோடு விழுந்தது. கேட்பதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை இஸ்டிரால் அடைக்க முடியாது.

அதனால் கேட்கும் வரியையே எடுத்துவிட்டேன். எக்ஸிஸ்ட்_ஓகே=ட்ரூ ('ஏற்கெனவே இருந்தாலும் பரவாயில்லை') கொடுத்து, டைரக்டரி உருவாக்கும் மேக்டிர்ஸை நேரே கூப்பிடுகிறேன்; பைத்தான் 3.2 முதலே இந்த வசதி உண்டு. டைரக்டரி ஏற்கெனவே இருந்தால் சும்மா விட்டுவிடும், அந்தப் பெயரில் கோப்பு கிடந்தால் ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எர்ரர் எழுப்பும். அனுமதிச் சிக்கல் வந்தாலும் அதன் பெயரிலேயே பிழை வருகிறது.

இஸ்டிரை ஓரிடத்தில் மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்: பயனர் அமைப்புகளில் தட்டச்சு செய்யும் பாதை தவறாக இருந்தால், அங்கேயே அவருக்குச் சொல்லிவிடுவதற்கு.